பயந்த உடலுக்கு ஏன் குளிர்கிறது? மலையகத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆபத்து கடந்து மாதங்கள் ஆன பின்னும் ஒருவருக்குக் கைகால் சில்லிட்டு, பல் கிட்டி, உடல் வெடவெடப்பது ஏன்? வெப்பமானி சரியான அளவைக் காட்டும்போதும் அவர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பது எதனால்? கேள்வி பழையது. பரதரின் நாட்டிய சாத்திரம் நடுக்கத்துக்குக் காரணம் சொல்லும்போது குளிரையும் அச்சத்தையும் ஒரே வரிசையில் வைக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக்கி, அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு பிறப்பிடங்களைக் காட்டுகிறது. நடுக்கத்துக்கும் அதன் பட்டியலில் இடமுண்டு. அச்சமும் குளிரும் உடலில் ஒரே கோலம் கொள்வதை முன்னோர் கவனித்திருக்கிறார்கள். ஏன் என்பதற்குத்தான் காலந்தோறும் விடைகள் மாறியிருக்கின்றன.

மலையகத்தில் இந்தக் கேள்வி மற்ற இடங்களைவிடச் சிக்கலானது. கொழும்பு வெயிலில் ஒருவர் குளிர்கிறது என்றால் பக்கத்தில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். கடல்மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே, ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில் இருக்கும் நுவரெலியாவில் அதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். தை, மாசி மாதங்களில் அங்கே துகள் உறைபனி விழும். தகரக் கூரையும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுமாக நிற்கும் பழைய லயங்களில் இரவுக் குளிர் சுவர் வழியாகவே இறங்கும். சாரல் மழையில் கம்பளி போட்டு, இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்து பறிப்பவருக்குக் கை விறைப்பது தொழிலின் ஒரு பகுதி. அதனால் அச்சத்தின் குளிர் இங்கே மலைக் குளிருக்குள் மறைந்துவிடுகிறது. இதுவரை சொல்லப்பட்ட ஒவ்வொரு விடையும் ஏதோ ஒரு குளிரைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பயந்த கோளாறு

மிகப் பழைய விடை மருத்துவத்துக்கும் வழிபாட்டுக்கும் நடுவிலிருந்து வருகிறது. குளிர்ச்சியை வாதத்தின் குணமாகக் கொள்ளும் ஆயுர்வேதத்தில், அச்சமும் துயரமும் வாதத்தைக் கிளப்பும் என்று சரகர் மரபு சொல்கிறது. தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்தும் திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்தும் மலையேறிய மக்கள் இந்த வைத்திய அறிவோடு முனி, மாடன், காட்டேரி பற்றிய நம்பிக்கைகளையும் கொண்டுவந்தார்கள். திடீரென வெளிறி, கைகால் குளுந்து, தூக்கத்தில் அலறும் பிள்ளையைப் பார்த்தால் தோட்டத்தில் இன்றும் முதலில் வரும் சொல் “பயந்துருச்சு” என்பதுதான். திருநீறு போடுவார்கள், வேப்பிலை அடிப்பார்கள், கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். அதற்கும் தீராவிட்டால் கோடாங்கி பார்ப்பார்கள்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால் அதிலுள்ள உளவியல் கவனத்தை இழந்துவிடுவோம். எங்கே, எப்போது, எதைப் பார்த்துப் பயந்தது என்ற விசாரணை இங்கே முதலில் நடக்கிறது. நவீன உளமருத்துவம் பல பத்தாண்டு கழித்துத்தான் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தது. வீட்டார் சுற்றி உட்காருகிறார்கள். பயந்தவரை யாரும் நடிக்கிறார் என்பதில்லை. இவை சிறிய விடயங்கள் அல்ல.

பலவீனங்களும் உண்டு. காய்ச்சலோ இரத்தக் குறைவோ இருப்பவர் வைத்தியசாலைக்குப் போகும் நாள் தள்ளிப்போகிறது, செலவு கடனாகிறது. இதைவிடக் கனமானது, அச்சத்தின் காரணத்தை ஆற்றங்கரைக்கும் ஆலமரத்துக்கும் அனுப்பிவிடும் வசதி. ஒரு பெண்ணின் நடுக்கத்துக்குக் காரணம் காம்பராவுக்குள்ளேயே இருந்தால், அடிப்பவர் கையில் இருந்தால், முனியின் பெயர் அந்த உண்மையை மூடிவிடும்.

குளிர்காய்ச்சலும் இரத்தமும்

காலனிய மருத்துவம் தந்த விடை வேறு. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்த முதல் தலைமுறைக்கு நடுக்கம் என்றால் மலேரியா. 1934-35இல் இலங்கையைத் தாக்கிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. உயரமான மலைப்பகுதி அதிலிருந்து பெரும்பாலும் தப்பினாலும், நடுங்கும் உடலுக்குக் கொயினா என்ற பழக்கம் நாடெங்கும் நிலைத்தது. தோட்ட வைத்திய வசதிகளைக் கட்டாயமாக்கிய 1912ஆம் ஆண்டுச் சட்டமும் தொழிலாளரின் உடலை வேலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் நோக்கில் பிறந்ததே. வெப்பமானி காய்ச்சலைக் காட்டினால் நோய், காட்டாவிட்டால் வேலைக் கள்ளம். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது இடம் இருக்கவில்லை. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் காய்ச்சல் இல்லாவிட்டால் கள்ளம் என்ற பார்வையின் மிச்சம் இன்னும் போகவில்லை.

ஆனால் உடல்நோய்ப் பார்வை ஒரு விடயத்தில் மிகச் சரியானது, அதை உளநலம் பேசுவோர் அடிக்கடி மறக்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைந்த உடலால் சூட்டைச் சரிவரக் காத்துக்கொள்ள முடியாது. இரும்புக் குறைவால் இரத்தச்சோகை கண்ட பெண்களைக் குளிர்ந்த நீரில் இருத்தி ஜோன் பியர்ட் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் உடல்வெப்பம் மற்றவர்களைவிட வேகமாக இறங்கியதும் தைரொய்ட் சுரப்பு குறைவாக இருந்ததும் தெரிந்தன. தோட்டத்தில் இது எவ்வளவு பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டோரின் குள்ளத்தன்மை நாட்டுக்குச் சராசரி 17 வீதம் என்றால் தோட்டத் துறையில் 32 வீதத்துக்கு அருகில் இருந்தது. அந்தப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரின் தட்டும் அதே தட்டுதான். ரொட்டியோடு சேர்த்துக் குடிக்கும் சாயத்தண்ணியில் உள்ள தனின்கள் தாவர உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்காமல் தடுக்கின்றன என்பதும் நன்கு நிறுவப்பட்ட செய்தி. உலகுக்குத் தேயிலை தரும் கைகள் குளிர்வதில் அந்தத் தேயிலைக்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

இரத்தச்சோகை படபடப்பையும் மூச்சு வாங்குவதையும் தரும். அவை பதகளிப்பின் அறிகுறிகளும்கூட. ஆகவே ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையும், தேவையானால் தைரொய்ட், சீனிப் பரிசோதனைகளும் செய்யாமல் ஒருவரின் குளிரை மனத்தில் கட்டிவிடுவது தவறு. இந்தப் பார்வை தடுமாறும் இடம் வேறு: இரத்தம் சரியாக இருக்கும்போதும், மழை இரைச்சல் கேட்ட கணத்தில் மட்டும் வரும் குளிரை அதனால் விளக்க முடியவில்லை.

நரம்பின் கணக்கு

அந்த இடைவெளியை உடலியங்கியல் நிரப்பியது. வோல்டர் கனன் 1915இல் வெளியிட்ட நூலில், ஆபத்தைக் கண்ட உடல் போரிடவோ ஓடவோ தயாராகும் விதத்தை விளக்கினார். பரிவு நரம்பு மண்டலம் விழிக்கிறது. அதன் நரம்பு முனைகளில் சுரக்கும் நோரட்ரீனலின் தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இரத்தம் தோலை விட்டுத் தசைக்கும் இதயத்துக்கும் போகிறது. விரல், உள்ளங்கால், மூக்கு நுனி ஆகியவை முதலில் சில்லிடும். கூடவே வியர்த்தால், வியர்வை ஆவியாகி இன்னும் குளிரும். மூச்சு வேகமாகி இரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் விரல் மரத்து ஊசி குத்தும், தலை கிறுகிறுக்கும்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு முரண் உண்டு. கை குளிரும் அதே நேரத்தில் உடலின் உள்வெப்பம் சற்று உயரலாம். ஜப்பானிய மருத்துவர் தகாகசு ஓகா போன்றோர் மனநெருக்கீட்டால் வரும் இத்தகைய வெப்ப உயர்வைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். 2020இல் கசுஹிரோ நகமுரா குழுவினர், நெருக்கீட்டுச் செய்தி மூளைப் புறணியிலிருந்து ஹைப்போதலாமஸ் வரை சென்று வெப்ப உற்பத்தியைத் தூண்டும் பாதையை எலிகளில் காட்டினர். அப்படியானால் நடுங்குபவர் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கிறார் என்பது எப்போதும் உண்மையாகாது. தோல் குளிர்ந்ததை மூளை உணர்கிறது, அவ்வளவே. அந்த உணர்வு பொய்யும் அல்ல. தோலில் குளிரை உணரும் ஏற்பிகளுள் முக்கியமானதை டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் மெந்தோலைக் கொண்டு 2002இல் தனித்தனியே இனங்கண்டனர்; உணர்வேற்பிகள் பற்றிய பணிக்காக இருவருக்கும் 2021இல் நொபெல் பரிசு கிடைத்தது. பயந்து சில்லிட்டவரின் பாதத்தில் மெந்தோல் கலந்த தைலம் தேய்க்கும்போது அந்த ஏற்பிக்கு இன்னொரு குளிர்ச் செய்தி போகிறது. தேய்க்கும் கையின் சூடும் அன்பும் உதவலாம். தைலம் உதவுகிறதா என்பது ஐயமே.

எல்லாக் குளிரும் ஓட்டத்துக்கான தயாரிப்பாக வருவதும் இல்லை. மகி ஷௌவரும் தோமஸ் எல்பெர்ட்டும் 2010இல் முன்வைத்த படிநிலையில், தப்பிக்க வழியில்லாத கட்டத்தில் உடல் எதிர்த்திசைக்குப் போகிறது: நாடி இறங்கி, முகம் வெளிறி, உடல் மரத்து, மயக்கம் வருகிறது. கட்டிப்போட்டு அடிக்கப்பட்டவர், மண்ணுக்கடியில் மணிக்கணக்காகக் கிடந்தவர் சொல்லும் குளிர் இதற்குப் பொருந்துகிறது. இரண்டு குளிருக்கும் மருந்து ஒன்றல்ல. முதலாமவருக்கு அமைதி தேவை. இரண்டாமவரை எழுப்பி, அசையவைத்து, இன்றைய நாளுக்கும் இடத்துக்கும் கொண்டுவர வேண்டும். இந்தப் படிநிலைக்கு விலங்கு ஆய்வும் சிகிச்சை அனுபவமும் ஆதாரங்கள். மனிதரில் நேரடியாக அளந்த சான்று குறைவு. ஸ்டீபன் போர்ஜஸ் 1994இல் தொடங்கிய, இன்று பயிற்சிப் பட்டறைகளில் பெரிதும் புழங்கும், இந்த மரத்துப்போதலை வேகஸ் நரம்பைக் கொண்டு விளக்கும் பல்வேகஸ் கோட்பாட்டின் உடற்கூற்று அடிப்படையையே உடலியங்கியலார் சிலர் மறுக்கிறார்கள். நடுக்கத்தின் வழியே அதிர்ச்சி வெளியேறுகிறது என்று பீட்டர் லெவின் சொன்னது பலருக்கு ஆறுதல் தந்திருக்கிறது; அதை நிறுவும் சான்று போதாது.

மழையில் தங்கிய நினைவு

தோலின் இரத்தக் குழாய் எப்படிச் சுருங்குகிறது என்பது தெரிந்தாலும், ஆபத்து இல்லாத இன்று ஏன் சுருங்குகிறது என்ற கேள்வி நிற்கிறது. பாவ்லோவின் மரபில் வந்த கற்றல் கோட்பாடு இதற்குத் தரும் விடை, மலையகத்துக்கு மற்ற எதையும்விட நெருக்கமானது. ஆபத்தோடு சேர்ந்து வந்த ஒலி, மணம், வெப்பநிலை எல்லாம் பின்னாளில் தனித்து வந்தாலும் உடல் அன்றுபோலவே நடந்துகொள்ளும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயைத் தன் வகைப்பாட்டில் ஏற்றது. நினைவூட்டும் தூண்டலுக்கு உடல் காட்டும் எதிர்வினை இன்று அதன் அளவுகோல்களில் ஒன்று. பீதித் தாக்குதலின் அறிகுறிப் பட்டியலிலும் குளிர் நடுக்கம் இருக்கிறது.

தோட்டங்களில் அந்தத் தூண்டல் பெரும்பாலும் மழை. 2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் தொடர் மழைக்குப் பின் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மண்சரிவால் சிதைந்தன. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த இரவுகளில் நனைந்து, இருட்டில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியவருக்குக் குளிர் அந்தச் சம்பவத்தின் ஒரு பகுதி. அடுத்த பருவமழையில் வெப்பநிலை இறங்கும்போது உடல் பழைய இரவை உணர்கிறது. அந்த உணர்வில் தோல் மேலும் குளிர்கிறது. குளிர் மேலும் நினைவைத் தூண்டுகிறது. வெளிக்குளிரும் உட்குளிரும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழலை, வெப்பமூட்டிய அறையில் எழுதப்பட்ட பாடநூல்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை.

மழையோடு சேராத அச்சங்களும் மலையகத்தில் உண்டு. 1977, 1983 வன்செயல்களில் லயங்கள் எரிந்தன. அதற்குத் தப்பி வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் அங்கே போரில் மாட்டினர். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் மலையக இளைஞர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். தோட்டத்தில் வளர்ந்த மானிடவியலாளர் வலன்டைன் டானியல் 1996இல் வெளியிட்ட நூலில் வன்முறையைச் சொல்லில் அடக்க முடியாமல் போவதைப் பற்றி எழுதினார்.

கற்றல் கோட்பாட்டின் குறை, ஆபத்து முடிந்துவிட்டது என்று அது எடுத்துக்கொள்வது. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலத்தில் பணியாற்றிய ஜில் ஸ்ட்ரேக்கர் 1980களில் தொடர் நெருக்கீடு என்ற கருத்தை முன்வைத்தது இதனால்தான். அதே சரிவின் கீழ் அதே காம்பராவில் படுத்திருப்பவருக்கு மழை என்பது வெறும் நினைவூட்டல் அல்ல. அவருடைய நடுக்கத்தில் எவ்வளவு நோய், எவ்வளவு சரியான கணிப்பு என்று பிரிப்பது எளிதல்ல.

உடலால் பேசுகிறார்களா?

ஆசிய மக்கள், அதிலும் படிப்புக் குறைந்தவர்கள், மனத் துயரை உடல் நோவாக மாற்றிச் சொல்கிறார்கள் என்றொரு வாதம் நெடுநாள் நின்றது. ஆர்தர் கிளெய்ன்மன் சீனாவின் ஹுனானில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லப்பட்ட 100 பேரைப் பரிசோதித்து 1982இல் எழுதியபோது, 87 பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. இலங்கைத் தமிழரிடையே பணியாற்றிய தயா சோமசுந்தரமும் போரின் காயம் உடல் முறைப்பாடாக வைத்தியரிடம் வருவதைக் காட்டினார்; அவருடைய ஆங்கில நூல் 1998இல் வந்தது.

அவதானிப்பு சரி; அதிலிருந்து இழுத்த முடிவுதான் தவறு. கிரெகரி சைமன் குழுவினர் 14 நாடுகளில் ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட முடிவின்படி, மனச்சோர்வு உள்ளவர்களில் 69 வீதத்தினர் உடல் அறிகுறிகளை மட்டுமே சொல்லி வந்திருந்தனர். மேற்கு நாடுகளும் அதில் அடங்கும். வைத்தியரிடம் போகும் பெரும்பாலோர் உடலைத்தான் முதலில் காட்டுகிறார்கள். மலையகப் பெண் “கைகால் குளுந்து போகுது டாக்டர் ஐயா” என்று சொல்வது அவரது அறியாமை என்று எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. தமிழ் தெரியாத வைத்தியரும் இரண்டு நிமிட நேரமும் இருக்கும் இடத்தில் வேறெதைச் சொல்ல முடியும்?

பயனுள்ள திருத்தம் டெவன் ஹின்டனிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் குடியேறிய கம்போடிய அகதிகளுக்குக் கைகால் குளிர்வது, உடலுக்குள் காற்று அடைபட்டு மேலே ஏறுவதன் அடையாளம். அது இதயத்தை நிறுத்திவிடும் என்ற பயம் குளிரைப் பீதியாக மாற்றுகிறது. ‘கியால்’ என்ற இந்தத் தாக்குதல் 2013இல் அமெரிக்க உளநோய் வகைப்பாட்டிலும் இடம்பெற்றது. குளிரைவிடக் குளிருக்குக் கொடுக்கும் அர்த்தம் ஆளை அதிகம் வாட்டலாம் என்பதே இதன் பாடம். மலையகத்தில் கேட்க வேண்டியது: குளிரும்போது என்ன நடக்கப்போகிறதென்று நினைக்கிறீர்கள்? முனி அடித்துவிட்டதென்றா, இரத்தம் வற்றிவிட்டதென்றா, மலை இறங்குகிறதென்றா? விடைக்கேற்ப உதவி மாறும்.

சமூக உளவியல் இன்னொரு கோணம் காட்டியது. ஒதுக்கப்பட்ட அனுபவத்தை நினைவுகூர்ந்த கனேடிய மாணவர்கள் அறையின் வெப்பநிலையை 2, 3 பாகை குறைவாக மதிப்பிட்டதாக ஜொங்கும் லியனார்டெல்லியும் 2008இல் எழுதினர். சூடான கோப்பிக் கோப்பையைப் பிடித்தவர் மற்றவரை அன்பானவராக மதிப்பிடுகிறார் என்ற, அதே ஆண்டு வந்த புகழ்பெற்ற சோதனை பின்னர் மறுசோதனைகளில் தேறவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழ்ச் சமூகத்தையே ஒதுக்கியதையும் இந்த ஆய்வையும் முடிச்சுப்போட ஆசை வரும். கனடாவின் மாணவர்களிடமிருந்து அவ்வளவு தூரம் தாவ அந்தச் சான்றில் வலுவில்லை.

சமாளிக்கும் வழிகளும் அவற்றின் சான்றும்

உடலைச் சூடாக்குவதா, அச்சத்தைக் குணமாக்குவதா? சிகிச்சையாளர்களிடையே இது உண்மையான விவாதம். போர்வையைத் தேடுவது ஒருவகைத் தவிர்ப்பு, அது அச்சத்தை நிலைக்கவைக்கும் என்பது சல்கோவ்ஸ்கிஸ் 1991இல் வளர்த்த பாதுகாப்பு நடத்தை பற்றிய வாதத்தின் நீட்சி. ஜாக் ராக்மனும் சகாக்களும் 2008இல் அதை மீள்பரிசீலித்து, தொடக்கத்தில் அளவோடு பயன்படும் ஆறுதல்கள் சிகிச்சையைக் கெடுப்பதில்லை என்றனர். நுவரெலியாவைப் பொறுத்தவரை போர்வையைக் குறை சொல்ல இடமே இல்லை. அங்கே அது தேவை.

பயிற்சிக் கையேடுகள் பதகளிப்புக்கு முகத்தில் குளிர்நீர் அடிக்கவும் கையில் பனிக்கட்டி பிடிக்கவும் சொல்கின்றன. சூடான நாட்டிலோ வெப்பமூட்டிய வீட்டிலோ அது சரிவரலாம். குளிரே நினைவைத் தூண்டும் ஒருவருக்கு, மார்கழி இரவில், லயத்தில், அது பொருந்தாத ஆலோசனை. எதிர்த்திசை நியாயமானது: பாதத்தை வெதுவெதுப்பான நீரில் வைப்பது, காலுறையும் தலைத்துணியும், கையைத் தேய்ப்பது, எழுந்து நடப்பது, எதையாவது சாப்பிடுவது. ஜெர்மானியர் யொஹான்னஸ் ஷுல்ட்ஸ் 1932இல் வெளியிட்ட தன்னியல்புப் பயிற்சியில் கை சூடாவதாக மனத்தில் ஊன்றுவது ஒரு படி. 1960களிலிருந்து மெனிங்கர் நிறுவனத்தில் எல்மர் கிரீன், விரல் வெப்பத்தைக் கருவியில் பார்த்தபடி உயர்த்தப் பழக்கினார். பழகினால் தோலின் இரத்த ஓட்டத்தை ஓரளவு மாற்ற முடிகிறது. ஆழமாக மூச்செடு என்பதைவிட மெதுவாக மூச்சை விடு என்பதே பாதுகாப்பான ஆலோசனை. அவசரமாக ஆழ்ந்து மூச்செடுத்தால் மரப்பு கூடும்.

மூன்று எச்சரிக்கைகள் இங்கே அவசியம். கதவைச் சாத்திக்கொண்டு காம்பராவுக்குள் கரி நெருப்பு மூட்டுவது கொல்லக்கூடியது, அதில் எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமில்லை. சீனி வியாதியால் கால் மரத்தவருக்குச் சுடுநீரின் சூட்டை இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவது சாராயமும் கசிப்பும். குளிருக்கு என்று தொடங்கும் குடி தோல் குழாய்களை விரித்துச் சூட்டை உணரவைக்கிறது. உண்மையில் உடல் அதனால் சூட்டை இழக்கிறது. தூக்கம் கலையும், மறுநாள் பதகளிப்பு கூடும், வீட்டில் இன்னொருவர் நடுங்கத் தொடங்குவார். குடியை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்த்த பிரசாரங்கள், அதற்கடியில் கிடக்கும் பயத்தைக் கேட்டதே இல்லை.

நிலையான மனவடுவுக்கு இவை போதா. நடந்ததை ஒழுங்காகச் சொல்லவைக்கும் சிகிச்சைகளுக்கு உலகளவில் நல்ல சான்று உண்டு. இலங்கையின் வடகிழக்கில் போரும் சுனாமியும் கண்ட 31 பிள்ளைகளிடம் கிளவுடியா கடானி குழுவினர் செய்து 2009இல் வெளியிட்ட ஒப்பீட்டில், அனுபவத்தைச் சொல்லவைக்கும் ஆறு அமர்வுகளும் தியானமும் தளர்வும் கலந்த ஆறு அமர்வுகளும் ஏறக்குறைய ஒரேயளவு பயன் தந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டியதில்லை என்பதற்கு அது ஒரு சான்று.

இன்னும் முடியாத கேள்விகள்

இரும்புக் குறைவைத் தீர்த்தால் அச்சக் குளிரும் எவ்வளவு குறையும்? வெப்பம் காக்கும் வீட்டுக்கு மாறிய குடும்பங்களில் மழைக்கால நடுக்கம் தணிகிறதா? திருநீறு போடும் பூசாரியையும் தோட்ட வைத்திய உதவியாளரையும் ஒரே வழியில் இணைத்தால் பயந்தவர் விரைவாக உதவி பெறுவாரா? இவை அளக்கக்கூடிய கேள்விகள். டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளைச் சுற்றி, தமிழில் கேட்டு, ஒரே ஆளிடம் இரத்தத்தையும் வீட்டையும் நினைவையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகள் வேண்டும்.

சான்றுகளை நிறுத்துப் பார்த்தால் இவ்வளவு சொல்லலாம். அச்சத்தால் வரும் குளிர் உண்மையான உடல் நிகழ்வு, நடிப்பல்ல. பசியாலும் இரத்தக் குறைவாலும் வரும் குளிரிலிருந்து அதைப் பரிசோதனை இல்லாமல் பிரிக்க முடியாது. உடலைச் சூடாக்குவது சிகிச்சையின் தொடக்கமாக இருக்கத் தகுதியுள்ளது. அதோடு நிற்கக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவிலும் பேசும் வழி. ஆனால் சரிவின் கீழ் இருப்பவருக்கு எந்த ஆலோசகரும் பாதுகாப்பை வாயால் தர முடியாது. மீரியாபெத்தை மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டுமென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014இல் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். ஆபத்துச் சரிவுகளில் உள்ள லயங்களின் பட்டியலை மாவட்டச் செயலகங்களும் தோட்டக் கம்பனிகளும் அடுத்த பருவமழைக்கு முன் கையிலெடுக்க வேண்டும்.